சண்டே ஸ்கூலை நாடெங்கும் கொண்டுபோன பத்திரிகை ஆசிரியர்: யார் இந்த ராபர்ட் ரெய்க்ஸ்?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் வீடுகளில் குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு வகுப்பு உண்டு. பைபிள் கதை, பாட்டு, மனப்பாட வசனம், வருஷக் கடைசியில் பரிசு. தமிழ்நாட்டில் இதைச் சிலர் சண்டே ஸ்கூல் என்பார்கள், சிலர் ஓய்வுநாள் பள்ளி என்பார்கள். சர்ச் இருந்த காலத்திலிருந்தே இதுவும் இருக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதுதான் இல்லை. இதற்கு வயது 250 வருஷத்துக்குப் பக்கம்தான் ஆகிறது. அதைவிட ஆச்சரியம், இதை நாடெங்கும் கொண்டுபோனவர் பாதிரியார்கூட கிடையாது. இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரத்தில் வாரப் பத்திரிகை நடத்திய ராபர்ட் ரெய்க்ஸ்.

பத்திரிகைக்காரர் வீட்டுப் பிள்ளை

ரெய்க்ஸ் பிறந்தது 1736இல். அப்பாவின் பெயரும் ராபர்ட் ரெய்க்ஸ்தான். 1722இல் 'குளோஸ்டர் ஜர்னல்' பத்திரிகையைத் தொடங்கியவர் அவர். நாடாளுமன்ற நடவடிக்கைகளை அச்சிடவே கூடாது என்றிருந்த காலத்தில் அதை அச்சிட்டு, கண்டனத்துக்கு ஆளானவர். 1757இல் அப்பா இறந்ததும் பத்திரிகையும் அச்சகமும் மகன் கைக்கு வந்தன. அப்போது அவருக்கு வயது இருபதைத்தான் தாண்டியிருந்தது.

செய்தி சேகரிக்கிறவர் கண்ணில் ஊர்ச் சிறைச்சாலை படாமல் இருக்குமா? அன்றைய குளோஸ்டர் சிறையில் கடனைக் கட்ட முடியாதவர், விசாரணைக்குக் காத்திருப்பவர், தண்டனை பெற்றவர் எல்லாரும் ஒன்றாகவே கிடந்தார்கள். கடனுக்காக உள்ளே போனவருக்கு அரசு சாப்பாடுகூடத் தராது. ரெய்க்ஸ் தன் பத்திரிகையில் எழுதி, வாசகர்களிடம் பணம் திரட்டி, அவர்களுக்கு உதவினார். கைதிகளுக்கு எழுத்தும் வேதமும் சொல்லித்தர ஏற்பாடு செய்தார்.

இது பல வருஷம் நடந்தது. ஆனால் வெளியே போனவர்களில் பலர் மறுபடியும் உள்ளே வந்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் இதைப் பார்த்த ரெய்க்ஸுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது: சிறைக்கு வந்தபிறகு தொடங்குவது ரொம்பத் தாமதம்.

ஏன் ஞாயிற்றுக்கிழமை?

1780வாக்கில் தோட்டக்காரர் ஒருவரைத் தேடி ஊரின் ஏழ்மையான பகுதிக்கு ரெய்க்ஸ் போனார். தெருவில் கந்தல் உடுத்திய குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். விசாரித்தபோது அங்கிருந்த பெண் ஒருவர் சொன்ன தகவல் அவரை உலுக்கியது. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் நிலைமை இன்னும் மோசமாக இருக்குமாம்.

காரணம் எளிமையானது. குளோஸ்டர் குண்டூசித் தொழிலுக்குப் பேர்போன ஊர். பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் குழந்தைகள் வாரத்தில் ஆறு நாளும் குண்டூசிப் பட்டறைகளில் வேலை பார்த்தார்கள். ஞாயிறு ஒருநாள்தான் லீவு. அன்றைக்கு அவர்களைக் கவனிக்க யாருமில்லை. சண்டை, சூதாட்டம், கெட்ட வார்த்தை என்று பொழுது போகும். இலவசக் கட்டாயக் கல்வி என்ற பேச்சே இல்லாத காலம். இந்தக் குழந்தைகளுக்கு எதையாவது சொல்லித்தர வேண்டுமென்றால், கிடைக்கிற ஒரே நாள் ஞாயிறுதான்.

சம்பளம் ஒரு ஷில்லிங்

ரெய்க்ஸ் கட்டடம் எதுவும் கட்டவில்லை. அந்தப் பகுதியில் ஏற்கெனவே வீட்டுத் திண்ணைப் பள்ளி மாதிரி நடத்திக்கொண்டிருந்த நான்கு பெண்களைப் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிற பிள்ளைகளுக்குப் படிக்கவும், திருச்சபையின் வினாவிடைப் பாடத்தைச் சொல்லவும் கற்றுத்தர வேண்டும். ஒருநாள் சம்பளம் ஆளுக்கு ஒரு ஷில்லிங்.

இந்த வேலையில் அவரோடு நின்றவர் தாமஸ் ஸ்டாக் என்ற இளம் பாதிரியார். வகுப்புகளை நேரில் பார்த்து, பிள்ளைகளைச் சோதித்து, விதிமுறைகளை வகுத்ததில் ஸ்டாக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

அட்டவணை இப்படி: காலை பத்து மணிக்கு மேல் பிள்ளைகள் வரவேண்டும், பன்னிரண்டு வரை வகுப்பு. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குத் திரும்ப வேண்டும். ஒரு பாடம் வாசித்ததும் எல்லாரும் சர்ச்சுக்கு. அங்கிருந்து வந்து ஐந்து மணி தாண்டும்வரை வினாவிடை. பிறகு, வழியில் கூச்சல் போடாமல் வீடு போய்ச் சேர வேண்டும். ஆறு வயதிலிருந்து பதினான்கு வயதுவரை பிள்ளைகள் வந்தார்கள்.

சேர என்ன தகுதி? முகமும் கையும் கழுவியிருக்க வேண்டும், தலை வாரியிருக்க வேண்டும். அவ்வளவுதான். நல்ல துணி இல்லை என்று வெட்கப்பட்ட பிள்ளைகளிடம், இருப்பதை உடுத்திக்கொண்டு வரச் சொன்னார். ஒழுங்காக வந்தவர்களுக்குப் புத்தகம், சீப்பு, செருப்பு, துணி என்று பரிசு. பிள்ளைகளுக்கான பாடப்புத்தகத்தையும் தன் அச்சகத்திலேயே அச்சிட்டார்.

கண்டிப்பும் கடுமையாகவே இருந்தது என்பதைப் பின்னாளில் பதிவான பழைய மாணவர்களின் நினைவுகள் காட்டுகின்றன. இன்று எந்த சண்டே ஸ்கூலிலும் ஏற்கமுடியாத தண்டனைகள் அதில் உண்டு. ஊரில் சிலர் ரெய்க்ஸையும் அவர் பின்னால் போகும் 'கந்தல் படை'யையும் கேலி செய்தார்கள்.

ஆனால் ஒரு மாற்றம் அவரையே வியக்கவைத்தது. ஊர் கதீட்ரலில் காலை ஏழு மணிக்கு நடக்கும் ஜெபத்துக்கு, யாரும் கட்டாயப்படுத்தாமல் பிள்ளைகளே வரத் தொடங்கினார்கள். ஒருநாள் சுமார் 50 பேர் வந்திருந்தார்கள். சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பது ஒன்று, தானாகத் தேடி வருவது வேறொன்று. விசுவாசத்தில் வளர்வது என்று சர்ச் சொல்வது இந்த இரண்டாவதைத்தான்.

ஒரு பத்தி செய்தி செய்த வேலை

மூன்று வருஷம் ரெய்க்ஸ் இதைப்பற்றித் தன் பத்திரிகையில் பெரிதாக எதுவும் எழுதவில்லை. 1783 நவம்பர் 3ஆம் தேதி இதழில், தன் பெயரைக்கூடப் போடாமல், ஒரு சின்னச் செய்தி வெளியிட்டார். லண்டன் பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டன. பல ஊர்களிலிருந்து விசாரித்துக் கடிதங்கள் வந்தன. ஒரு கடிதத்துக்கு அவர் எழுதிய விரிவான பதில் 1784இல் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' இதழில் வந்தது. மறுவருஷம் மெதடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லியும் தன் இதழில் இந்த முயற்சியைப்பற்றி வெளியிட்டார்.

அதே 1785இல், வில்லியம் ஃபாக்ஸ் என்ற பாப்டிஸ்ட் வியாபாரியின் முயற்சியால் லண்டனில் சண்டே ஸ்கூல் சங்கம் உருவானது. புத்தகம் வாங்கவும் ஆசிரியர் சம்பளத்துக்கும் அது பணம் கொடுத்தது. நாளடைவில் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் குறைந்து, சர்ச்சிலிருந்து தன்னார்வலர்கள் வந்தார்கள். இன்றுவரை பெரும்பாலான சண்டே ஸ்கூல்கள் அந்த முறையில்தான் ஓடுகின்றன.

முதல் ஆள் அவர்தானா?

இல்லை. ஹை விக்கம் ஊரில் ஹன்னா பால் என்ற பெண் 1769இலேயே ஞாயிறு வகுப்பு தொடங்கிவிட்டார். குளோஸ்டரிலேயே ஸ்டாக்குக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்ற வாதம் வெகுகாலம் ஓடியது. ரெய்க்ஸிடம் இருந்து மற்றவர்களிடம் இல்லாமல்போனது ஒன்றுதான்: கையில் ஒரு பத்திரிகை.

எதிர்ப்பும் வந்தது. ஓய்வுநாளில் வகுப்பு எடுப்பதே அந்த நாளை மீறுவதுதான் என்று பக்திமான்கள் சிலர் முறைத்தார்கள். 1789 பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு பயம் வேறு வடிவம் எடுத்தது. ஏழைகள் பைபிள் படிக்கக் கற்றால், அதே எழுத்தை வைத்துப் புரட்சித் துண்டுப் பிரசுரத்தையும் படிப்பார்களே! அதனால் வாசிக்க மட்டும் சொல்லித்தரலாம், எழுதச் சொல்லித்தரக் கூடாது என்று நின்றவர்களும் உண்டு. ஞாயிறன்று எழுதப் பழக்கலாமா என்ற சண்டை 19ஆம் நூற்றாண்டிலும் ஓயவில்லை.

ரெய்க்ஸின் பார்வைக்கும் ஒரு எல்லை இருந்தது. குழந்தைகளின் ஏழாவது நாளைப்பற்றி அவர் கவலைப்பட்டார். மீதி ஆறு நாள் அவர்கள் ஏன் பட்டறையில் இருக்கிறார்கள் என்ற கேள்வியை அவர் இயக்கமாக எடுக்கவில்லை. ஒழுங்கான, அடங்கிய ஏழைகள் உருவாக வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பெரியமனிதர்களின் விருப்பம். அதில் அவரும் ஒருவர். ஆனாலும் படிக்கக் கற்ற பிள்ளை எதைப் படிக்கும் என்பதை யாராலும் கட்டுப்படுத்த முடியவில்லை.

கடைசியில் மிஞ்சியது

1802இல் ரெய்க்ஸ் பத்திரிகையிலிருந்து ஓய்வு பெற்றார். 1811 ஏப்ரல் 5ஆம் தேதி குளோஸ்டரில் காலமானார். அவரது அடக்கத்துக்கு வந்த சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு ஷில்லிங்கும் ஒரு பிளம் கேக்கும் தரப்பட்டது. அவருடைய ஏற்பாடு அது. நூற்றாண்டையொட்டி 1880இல் லண்டன் தேம்ஸ் கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

1831வாக்கில் பிரிட்டனில் சண்டே ஸ்கூலுக்குப் போன பிள்ளைகள் சுமார் 12.5 லட்சம் பேர் என்று மதிப்பிடப்படுகிறது. 1870இல் வந்த கல்விச் சட்டம் வார நாள் பள்ளிகளை நாடெங்கும் கொண்டுவந்தது. அதன்பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித்தரும் வேலை அந்தப் பள்ளிகளுக்குப் போனது. ஞாயிறு வகுப்பில் கதையும் வசனமும் ஜெபமும் மட்டும் தங்கின. இன்று சண்டே ஸ்கூல் போகிற ஒரு குழந்தை தன் வசனத்தைத் தானே வாசித்துவிடுகிறது. குளோஸ்டர் பிள்ளைகளுக்கு அந்த வசனத்தை வாசிக்கவே முதலில் எழுத்து தேவைப்பட்டது.