கச்சேரித் துரையும் அச்சு மேசையும்

என் மனைவியின் தம்பி 2009 மே மாதத்துக்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை. நான் அரச வேலையில் இருந்தவன். முறைப்பாட்டு இலக்கம், திகதி, யாரைச் சந்தித்தோம் என்று எல்லாவற்றையும் ஒரு கோப்பில் ஒழுங்காக வைத்திருந்தேன். இரவில் அவள் விழித்திருப்பது தெரிந்தால், அடுத்து எங்கே போகலாம், எந்த வைத்தியரிடம் காட்டலாம் என்று தொடங்குவேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பாள். எனக்குக் கோபம் வரும். இவ்வளவும் யாருக்காகச் செய்கிறேன்?

அந்த நாட்களில்தான் லெனார்ட் வூல்ஃபின் வாழ்க்கையை வாசித்தேன்.

1905 ஜனவரியில், 24 வயதில், யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வேலைக்கு வந்தவர் அவர். கண்டிப்பான ஆள், இங்குள்ள தமிழர் சங்கம் அவர்மீது முறைப்பாடு செய்ததும் உண்டு. பிறகு கண்டி, அதன்பின் அம்பாந்தோட்டையில் உதவி அரச அதிபர். மாட்டு நோயா, உப்பளமா, எதையும் அன்றன்றே நாட்குறிப்பில் எழுதி, வழி கண்டுபிடித்து முடிப்பார். 1911இல் விடுமுறையில் இங்கிலாந்து போனவர், அடுத்த ஆண்டு வேலையை விட்டு எழுத்தாளர் வேர்ஜீனியாவை மணந்தார்.

வேர்ஜீனியாவுக்கு இளவயதிலிருந்தே மனநோய் இருந்தது. 1913 செப்டெம்பரில் அவர் உயிரை விட முயன்றார். அதற்குப் பிறகு லெனார்ட் கச்சேரி பழக்கிய வேலையையே வீட்டிலும் செய்தார். எப்படித் தூங்கினார், என்ன சாப்பிட்டார், நிறை எவ்வளவு என்று குறித்து வைத்தார். வேறு யாரும் வாசித்துவிடாமல், சிலவற்றைத் தமிழ், சிங்கள எழுத்துகளைக் கொண்டு எழுதினார். எங்கள் எழுத்து அங்கே ஒரு பெண்ணின் துயரத்தைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது என்பதை வாசித்தபோது, என் கோப்புத்தான் நினைவுக்கு வந்தது.

குறை சொல்ல வரவில்லை. அந்தக் கவனிப்பு இல்லாவிட்டால் அவர் அவ்வளவு காலம் இருந்திருப்பாரா என்பது சந்தேகம். ஆனால் பத்தியம் பார்ப்பவரோடு எப்படிப் பேசிச் சிரிப்பது?

1917இல் இருவரும் ஒரு சிறிய கை அச்சு இயந்திரம் வாங்கி, ரிச்மண்ட் வீட்டுச் சாப்பாட்டு அறையில் வைத்தார்கள். அதையும் ஒரு மருந்தாகத்தான் லெனார்ட் நினைத்தார்: பின்னேரங்களில் மனதை ஆற்றும் கைவேலை. ஆனால் அவருக்குப் பிறவியிலிருந்தே கைநடுக்கம். சின்னஞ்சிறு ஈய எழுத்துகளைக் கோக்க முடியாது. வேர்ஜீனியா அச்சுக்கோத்தார், அவர் இயந்திரத்தை இயக்கினார். அந்த மேசையில் நோயாளியும் இல்லை, துரையும் இல்லை. அந்த யூலையில் இருவரும் ஆளுக்கொரு கதை எழுதிய முதல் புத்தகம் வெளிவந்தது, ஏறக்குறைய 150 பிரதிகள். 1923இல் எலியட்டின் புகழ்பெற்ற 'பாழ்நில'த்தையும் வேர்ஜீனியாவே கையால் கோத்தார்.

1941 மார்ச் 28இல் வேர்ஜீனியா ஆற்றில் இறங்கிவிட்டார். விட்டுச்சென்ற கடிதத்தில் தன் வாழ்வின் சந்தோசம் முழுவதையும் கணவருக்கே உரியதாக்கியிருந்தார். லெனார்ட் 1969வரை வாழ்ந்தார்.

கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. முறைப்பாட்டை நான் விடவில்லை. ஆனால் போன மாதம் ஒரு பின்னேரம் அவள் குந்தில் இருந்து சுளகில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தபோது, நானும் பக்கத்தில் போய் இருந்தேன். தம்பி சின்ன வயதில் மாமரத்தால் விழுந்த கதையைச் சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஆய்ந்ததில் காம்பு கிடக்கிறதென்று, அதைத் தன் பக்கம் இழுத்துத் திரும்ப ஆய்ந்தாள்.