நிழலிலிருந்து உருவம் கண்டவர்

சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டை வாங்க வருகிறவர் மூட்டையை அவிழ்க்கச் சொல்வதில்லை. குத்தூசியைச் செருகி, வந்து விழும் அரிசியைக் கையில் ஏந்திப் பார்த்து விலை பேசிவிடுகிறார். மனிதனின் தலைக்குள்ளே கட்டி இருக்கிறதா, இரத்தம் கசிகிறதா என்றறியக் குத்தூசி ஆகுமா? ஊடுகதிரை ஒரு புறமிருந்து செலுத்தினால் கிடைப்பதோ வெறும் நிழல். எலும்பும் மூளையும் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து குழம்பிய நிழல். சுற்றிலுமிருந்து பல நிழல்களை எடுத்து, உள்ளிருக்கும் உருவைக் கணக்கினால் மீட்பதே இன்று நாம் ஸ்கேன் என்று சொல்லும் வித்தை. அந்தக் கணக்கை எளிதாக்கித் தந்தவர்களுள் ஒருவர், கேரளத்தில் பிறந்த தமிழரான பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன்.

பெயரின் முன்னெழுத்து கோபாலசமுத்திரம் என்னும் நெல்லைச் சீமை ஊரைக் குறிக்கிறது. ஆனால் அவர் பிறந்தது எர்ணாகுளத்தில், 1922 அக்டோபர் 8 அன்று. தந்தை நாராயண ஐயர் அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். கணிதத்தில் மகனுக்கு முதல் ஆசான் அவரே. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பயின்றபின், 1942இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கிருந்த சர் சி. வி. இராமன் சும்மா விடுவாரா? இளைஞரைப் பௌதிகத் துறைக்கே இழுத்துக்கொண்டார். பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று 1949இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

1952இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார், முப்பது வயதுகூட நிரம்பாத இராமச்சந்திரனை அழைத்துப் பௌதிகத் துறையின் தலைமையைக் கொடுத்தார். துணிச்சலான நியமனம் என்றே சொல்லவேண்டும். ஆராய்ச்சிக்குப் பொருள் தேடிய வேளையில், பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னால் சென்னைக்கு வந்து, தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் புதிராகவே இருப்பதைச் சுட்டிக்காட்டினார். மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் கங்காருவின் வால் தசைநாரைக் கொடுத்து உதவியது. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் விடை கண்டனர்: மூன்று சங்கிலிகள் முறுக்கிய கயிறு போன்ற அமைப்பு.

புகழோடு சோதனையும் வந்தது. மறு ஆண்டே கிரிக், ரிச் இருவரும் மறுப்புக் கூறினர். அந்த மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்பது அவர்களுடைய வாதம். கிரிக் யார்? டி.என்.ஏ. அமைப்பைக் கண்டு உலகை வியக்கவைத்தவர்! வேறொருவராயின் சோர்ந்திருப்பார், அல்லது வீண் சண்டையில் காலம் கழித்திருப்பார். இராமச்சந்திரனோ அடிப்படைக் கேள்விக்கே போய்விட்டார். அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? அதுவரை வெளியான படிக அமைப்புகளையெல்லாம் புரட்டி அளவுகளைத் திரட்டினார். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் முடியாது என்று இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து கணக்கிட்டு, 1963இல் ஒரு வரைபடமாக வெளியிட்டார். அதுவே இராமச்சந்திரன் வரைபடம். எந்த நாட்டு ஆய்வுக்கூடமானாலும், புதிதாகக் கண்ட புரத அமைப்பு சரிதானா என்பதை இன்றும் இந்தப் படத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். கொலாஜன் மாதிரியைவிட, அதன்மேல் எழுந்த மறுப்பே நமக்குப் பெரிய லாபத்தைத் தந்தது என்பது என் கருத்து.

முதலியாரின் பதவிக்காலம் 1969இல் முடிந்தது. அடுத்த ஆண்டே இராமச்சந்திரன் சென்னையை விட்டார். பெங்களூரில் மூலக்கூறு உயிர்ப்பௌதிகப் பிரிவை உருவாக்கினார்.

இனி நிழற் கணக்குக்கு வருவோம். எடுத்த நிழல்களை வந்த வழியே திருப்பிப் பரப்பிக் கூட்டினால் உருவம் தெரியும்; ஆனால் மங்கித் தெரியும். மங்கலைப் போக்க ஃபூரியே மாற்றம் என்னும் நீண்ட கணக்கு வேண்டியிருந்தது. அக்காலக் கணினிகளுக்கு அது பெருஞ்சுமை. 1971இல் இராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் ஒரு குறுக்குவழி காட்டினர். ஒவ்வொரு நிழலையும் குறிப்பிட்ட எண்வரிசையால் பெருக்கிக் கூட்டி முதலில் கூர்மையாக்கு. பிறகு திருப்பிப் பரப்பு. ஃபூரியே மாற்றம் தேவையில்லை! வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் ஆகியோர் 1967இலேயே இதையொத்த வழியைக் கண்டிருந்தனர் என்பதையும் மறைக்கலாகாது. ஆயினும் அந்த வடிகட்டிக்கு நிலைத்த பெயர் 'ராம்-லக்'. கணினிக்குப் படம் பார்க்கக் கற்பிக்கும் துறையினர் இப்பெயரைப் பாடநூலிலேயே சந்திக்கிறார்கள்.

ஸ்கேன் கருவிக்காக 1979இல் நோபல் பரிசு கார்மாக்குக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் போயிற்று. கருவியைக் கட்டி முதல் நோயாளியைப் பரிசோதித்த ஹவுன்ஸ்ஃபீல்டின் உரிமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கொலாஜனுக்கும் வரைபடத்துக்கும்கூட அப்பரிசு இவரைத் தேடி வரவில்லையே என்ற குறை விஞ்ஞானிகளிடையே நெடுநாள் இருந்தது. 1977இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

ஓய்வுக்குப் பின்னும் அவர் சும்மா இருக்கவில்லை. தருக்க சாஸ்திரத்தை அணிக்கணிதத்தில் எழுதிக் கணினிக்கு ஏற்றதாக்க முயன்றார். நம் நாட்டு நியாய நூல்களையும் அதற்குத் துணைகொண்டார். பார்க்கின்சன் நோய் உடலைத் தளர்த்தியது. 1998இல் மனைவி இராஜலட்சுமி மறைந்தார். அடுத்த ஆண்டு, படிகவியலாளரின் பெரும் பரிசான ஏவால்ட் பரிசு வந்தது. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் அவர் காலமானார்.