நட்சத்திரப் பிறப்பை ஆராய்ந்த சந்திரசேகர்

மாதுங்கா, செம்பூர் அன்பர்களுக்கு மும்பைத் துறைமுகம் புதிதல்ல. 1930-ஆம் வருஷம் ஜூலை 31-ஆம் தேதி, 19 வயது இளைஞர் ஒருவர் அங்கிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். சென்னையில் தாயார் சீதாலக்ஷ்மி கடும் நோயில் படுத்திருந்தார். தயங்கிய மகனைப் போகச் சொன்னவர் அந்தத் தாயாரே. மறு வருஷம் மே மாதம் அவர் காலமானபோது மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார். அந்த மகன்தான் விஞ்ஞானி சுப்ரமணியன் சந்திரசேகர்.

பிறந்தது லாகூரில், 19.10.1910 அன்று. தகப்பனார் சி. சுப்ரமணிய ஐயர் ரயில்வே கணக்கு இலாகா அதிகாரி; கர்நாடக சங்கீத இலக்கணம் பற்றிப் புத்தகம் எழுதியவர். தாயார் இப்சனின் நாடகத்தைத் தமிழாக்கியவர். சர் சி.வி. ராமன் சித்தப்பா. படிப்பு திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலிலும் பிரசிடென்சி கல்லூரியிலும்.

கப்பலில் அவர் போட்ட கணக்கே, நட்சத்திரங்களின் அந்திமத்தைச் சொல்லும் ‘சந்திரசேகர் எல்லை’. 1935-இல் எடிங்டன் அதைச் சபையில் பரிகசித்தார். சந்திரசேகர் மனம் தளரவில்லை. 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1983-இல் நோபல் பரிசு வந்தது.

இது பலரும் அறிந்த கதை. நட்சத்திரங்களின் பிறப்பைப் பற்றியும் அவர் ஆராய்ந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

வாயுவும் தூசியும் கலந்த மேகம் தன் ஈர்ப்பால் சுருங்கும்போது நட்சத்திரம் பிறக்கிறது. மேகத்தின் காந்தப்புலம் அந்தச் சுருக்கத்தைத் தடுக்கும். அந்தப் புலத்தின் பலத்தை அளப்பது எப்படி? 1953-இல் என்ரிகோ ஃபெர்மியுடன் சேர்ந்து அவர் ஒரு வழி சொன்னார். முறுக்கேற்றிய தம்பூராத் தந்தி எளிதில் வளையாது; தளர்ந்த தந்தி நெளியும். அதுபோல, வாயுவின் கொந்தளிப்பிலும் காந்தக்கோடுகள் நேராக நின்றால் புலம் பலமானது, நெளிந்தால் பலவீனமானது. தூசியில் பட்டு வரும் ஒளியே அந்தக் கோடுகளின் திசையைக் காட்டிக்கொடுக்கும்.

அவருக்கு முன்பே இதை யோசித்த டேவிஸின் பெயரையும் சேர்த்து, இன்று இது டேவிஸ்–சந்திரசேகர்–ஃபெர்மி முறை எனப்படுகிறது. பக்கத்து விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில், சுமார் 1,60,000 ஒளியாண்டுத் தொலைவில், டாரன்டுலா என்ற ஒளிரும் வாயு மேகம் இருக்கிறது. இளம் நட்சத்திரங்கள் கூட்டங்கூட்டமாகப் பிறக்கும் இடம் அது. 2022 வரை பறந்த சோஃபியா விமானத் தொலைநோக்கியின் பதிவுகளைக் கொண்டு, அங்குள்ள காந்தப்புலத்தையும் இதே முறையில் அளந்திருக்கிறார்கள். தடையாக நினைத்த காந்தப்புலமே, அங்கே மேகம் சிதறிவிடாமல் கட்டிக்காக்கவும் செய்கிறது என்று தெரியவந்தது.

சந்திரசேகர் 21.8.1995 அன்று சிகாகோவில் காலமானார். 1999-இல் விண்ணுக்குச் சென்ற ‘சந்திரா’ எக்ஸ்-ரே தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கி, அதே டாரன்டுலாவையும் படம் பிடித்திருக்கிறது. நோய்ப்படுக்கையிலும் மகனுக்கு விடைகொடுத்த தாயின் தியாகம் வீண்போகவில்லை.