எட்வர்ட் லியர்: ‘மெட்ராஸ் கிழவர்’ பாட்டு எழுதியவர் நீலகிரிக்கு வந்த கதை

1874-ம் ஆண்டின் பிற்பகுதி. குன்னூருக்கு மலை ரயில் வர இன்னும் 25 ஆண்டுகள் இருந்தன. அந்தக் காலத்தில் 62 வயது ஆங்கிலேயர் ஒருவர், பெரிய தாடியும் தடித்த கண்ணாடியுமாக, பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொண்டு நீலகிரி மலைக்கு வந்தார். குன்னூரையும் ஊட்டியையும் வரைவதுதான் அவர் வந்த வேலை. அவர் பெயர் எட்வர்ட் லியர்.

உலகம் இன்று அவரை ஓவியராக அல்ல, சொல் விளையாட்டுக்காரராகத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

ஊர்ப் பெயரில் என்ன விளையாட்டு?

லிமரிக் என்று இப்போது அழைக்கப்படும் ஐந்தடிக் குறும்பாட்டைப் பரவலாக்கியவர் லியர். அந்தப் பெயரை அவர் பயன்படுத்தியதில்லை. வழிமுறை ரொம்ப எளிது. ஓர் ஊரின் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். அதோடு இயைபாக ஒலிக்கும் சொல்லைத் தேட வேண்டும். அந்தச் சொல்லே கதையை உருவாக்கிவிடும்.

நார்வே என்றால் ஆங்கிலத்தில் ‘டோர்வே’, அதாவது வாசல்படி. ஆகவே நார்வே இளம்பெண் வாசல்படியில் உட்கார்ந்திருப்பாள். பிராக் நகரத்துக் கிழவியின் பேச்சு யாருக்கும் தெளிவாகப் புரியாது. ஏன்னா, தெளிவில்லாதது என்பதற்கான ஆங்கிலச் சொல் ‘வேக்’. வியன்னா, வெசூவியஸ், கோர்ஃபு என்று ஐரோப்பாவையே சுற்றிவந்த இந்தப் பாடல்கள் 1846-ல் புத்தகமாக வந்தன. 1861-ல் பாடல்கள் கூடி, விரிவான பதிப்பு வெளியானது.

அந்த ஊர்களுக்கு நடுவில் நம்ம மெட்ராஸும் உண்டு. மெட்ராஸுக்கு இயைபு ‘ஆஸ்’, அதாவது கழுதை. எனவே மெட்ராஸ் கிழவர் கழுதையில் சவாரி போகிறார். அதன் காதுகளின் நீளத்தைப் பார்த்துப் பயந்தே செத்துப்போகிறார். அவ்வளவுதான் கதை. இத்தனைக்கும் அதை எழுதியபோது லியர் மெட்ராஸைப் பார்த்ததே இல்லை.

சிரிப்புக்குப் பின்னால்

லியர் 1812 மே 12-ல் லண்டன் அருகே ஹாலோவேயில் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த குடும்பம். அப்பா பங்குத் தரகர். பணக் கஷ்டம் வந்ததும் வீடு சிதறியது. 21 வயது மூத்த அக்கா ஆன்தான் லியரை வளர்த்தார். சின்ன வயதிலேயே வலிப்பு நோய் வந்தது. அன்று அது வெளியே சொல்லக் கூடாத நோய். ஆயுள் முழுக்க அதை நண்பர்களிடம் மறைத்தார். வலிப்பு வந்த நாட்களை நாட்குறிப்பில் சிறு சிலுவைக் குறியிட்டுப் பதிவுசெய்தார். மனச்சோர்வும் விடாமல் துரத்தியது.

15 வயதிலேயே படம் வரைந்து சம்பாதிக்கத் தொடங்கினார். அவர் வரைந்த கிளிகளின் படத்தொகுப்பு, 20 வயதுக்குள்ளேயே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. டெர்பி பிரபுவின் விலங்குக் காட்சியகத்தை வரையப் போன இடத்தில், அந்த வீட்டுக் குழந்தைகளைச் சிரிக்கவைக்கப் பிறந்தவைதான் இந்தப் பாட்டுகள். 1846-ல் விக்டோரியா மகாராணிக்கே ஓவியப் பாடம் எடுத்தார். அதன் பிறகும் நிலையான வருமானம் இல்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. இத்தாலி, கிரீஸ், எகிப்து என்று அலைந்துகொண்டே இருந்தார். கூடவே இருந்த துணை, ஜியோர்ஜியோ கோகாலி என்ற பணியாளர்.

இந்தியாவுக்கு அழைத்தது யார்?

அன்றைய வைஸ்ராய் நார்த்புரூக் பிரபு, லியரின் நண்பர். அவர் அழைப்பை ஏற்று 1872-ல் கிளம்பிய லியர், சூயஸ் வரை வந்துவிட்டுத் திரும்பிவிட்டார். அடுத்த ஆண்டு நவம்பரில்தான் பம்பாயில் கால்வைத்தார். டார்ஜிலிங்கில் கஞ்சன்ஜங்கா சிகரத்தை வரைந்தார். பிறகு தெற்கே இறங்கினார். கற்பனையில் கழுதைச் சவாரி நடத்திய மெட்ராஸை நேரில் பார்த்தார். மகாபலிபுரத்தையும் பார்த்துவிட்டு நீலகிரிக்கு வந்தார்.

படம் வரையும்போதும் விளையாட்டு ஓயாது. எந்த இடம், எந்தத் தேதி, எந்த நிறம் என்று ஓவியத்தின் மேலேயே குறித்துவைப்பார். பாறைகளுக்கான ‘ராக்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை, ஒலி மாறாமல் மூன்றே எழுத்தில் எழுதிவிடுவார்.

அவர் வந்த மலையே ஒரு சொல் புதிர்தான். ‘மந்து’ என்றால் தோடர்களின் குடியிருப்பு. ஒத்தைக்கல் மந்து என்பதே ஆங்கிலேயர் வாயில் ஊட்டக்கமண்டாகி, கடைசியில் ஊட்டியாகச் சுருங்கியது என்பது ஒரு விளக்கம். பக்கத்திலேயே வெலிங்டன், லவ்டேல் என்று ஐரோப்பியப் பெயர்கள். குன்னூர் சிம்ஸ் பூங்கா உருவானதும் அதே 1874-ல்தான். ஊர்ப் பெயர்களை வைத்துப் பிழைத்த மனிதர், ஊர்ப் பெயர்கள் உருமாறிக்கொண்டிருந்த மலையில் நின்றார்.

நம் சொற்கள் அவர் பாட்டில்

மாற்றம் ஒருவழியாக மட்டும் நடக்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் பம்பாய் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வில் லியரின் ‘கமர்பந்த்’ என்ற பாட்டு வெளியானது. இந்தியச் சொற்களின் பொருளைக் கழற்றிவிட்டு, ஒலியை மட்டும் வைத்துக்கொண்ட பாட்டு அது. அதில் டோபி என்பது உட்காரும் இருக்கை. பங்கா பேசும். கான்சாமா என்ற சமையல்காரர் மரமாக வளர்ந்து நிற்பார். இடுப்பில் கட்டும் கமர்பந்த், பெண்ணை விழுங்கும் பூதமாகிவிடும். இந்தச் சொற்கள் தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு. தெரியாதவர்களுக்கு நிஜமான பயங்கரக் கதை!

இந்தியப் பயணத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. ஒரு சிறுமிக்கு ஆந்தைப் படம் வரைந்து காட்டினார் லியர். உடனே, பூனையையும் வரையச் சொன்னாள் அவள். ஆந்தையும் பூனையும் படகில் போகும் அவரது பாட்டு, அவள் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.

பிறகு என்ன ஆனது?

நீலகிரியிலிருந்து மலபார் வழியாக இலங்கைக்குப் போனார். அங்கே ஜியோர்ஜியோ கடும் வயிற்றுப்போக்கால் படுத்துவிட்டார். பயணம் அதோடு முடிவுக்கு வந்தது. 1875 ஜனவரியில் இருவரும் கப்பலேறினர். ஜியோர்ஜியோ 1883-ல் இறந்தார். 1888 ஜனவரி 29-ல் இத்தாலியின் சான் ரெமோவில் லியரும் காலமானார்.

பெரிய நிலக்காட்சி ஓவியராக மதிக்கப்பட வேண்டும் என்பதே அவர் ஆசை. அவர் வரைந்த ஆயிரக்கணக்கான நிலக்காட்சிகள் இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பார்ப்பவர்கள் குறைவு. ஆந்தை-பூனைப் பாட்டில் சும்மா போட்டுவைத்த ‘ரன்சிபிள்’ என்ற அர்த்தமில்லாத சொல்லோ, ஆங்கில அகராதிக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது.