மரியா மொண்டிசோரி: சிறுவர் உலகின் வைத்தியர்

நம் ஊர்களில் முன்பள்ளியை மொண்டிசூரி என்றே பலரும் சொல்கிறோம். அது ஒரு பெண்ணின் பெயர் என்பதை நினைத்துப் பார்ப்பவர் குறைவு. அப்பெண் யாருடைய பிள்ளைகளிடமிருந்து தம் பணியைத் தொடங்கினார் என்று வாசித்து அறிந்தபோது எனக்கு வியப்பும், கூடவே சிறிது கவலையும் உண்டாயின.

மரியா மொண்டிசோரி 1870 ஓகஸ்ட் 31 அன்று இத்தாலியின் கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அரச உத்தியோகத்தர். தொழில்நுட்பப் பாடசாலையில் கற்ற மரியா, பின்னர் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். ஆண் மாணவர்களோடு நின்று உடலை வெட்டிப் படிப்பது பெண்ணுக்குத் தகாது என்று கருதப்பட்டதால், வகுப்பு முடிந்த பின் தனியாகவே அப்பயிற்சியைச் செய்தார். தோழியர் சூழ உயிரியல் ஆய்வுகூடத்தில் நிற்கும் எனக்கு அந்தத் தனிமை அடிக்கடி நினைவுக்கு வருகிறது. 1896இல் அவர் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதற் பெண் வைத்தியர்களுள் அவரும் ஒருவர்.

மனநோயாளர் விடுதிகளில், கையில் பிடிக்க ஒரு பொருளுமின்றி அடைபட்டிருந்த சிறுவர்களை அவர் கண்டார். இவர்களுக்கு மருந்தைவிடக் கல்வியே தேவை என உணர்ந்தார். இட்டார், செகுவேன் என்னும் பிரெஞ்சு வைத்தியர்களின் நூல்களைக் கற்று, தொட்டும் பொருத்தியும் பழகும் சாதனங்களை அமைத்தார். அச்சிறுவர்கள் முன்னேறியதும், அப்படியானால் சாதாரணப் பிள்ளைகளைப் பின்னிழுப்பது எது என்ற கேள்வி அவருள் எழுந்தது.

விடை தேடும் வாய்ப்பு 1907 ஜனவரி 6 அன்று கிடைத்தது. ரோமின் சான் லொரென்சோ, கூலித் தொழிலாளர் வாழும் பகுதி. பெற்றோர் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் கட்டடத்தைச் சேதப்படுத்தியதால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை ஒதுக்கப்பட்டது. அதுவே முதலாவது சிறுவர் இல்லம். பிள்ளைகளின் உயரத்துக்கேற்ற மேசை, நாற்காலி, தாழ்ந்த அலுமாரி ஆகியவற்றை மரியா அங்கு வைத்தார். மர உருளைகளைக் குழிகளில் பொருத்தும்போது ஒன்று தவறினாலும் கடைசி உருளைக்கு இடமிராது. எவரும் ஏசாமலே பிள்ளை தன் பிழையைக் கண்டு திருத்திவிடும். சொரசொரப்பான எழுத்துகளை விரலால் தடவிப் பழகிய நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் சில மாதங்களிலேயே தாமாக எழுதத் தொடங்கினர்.

1909இல் தம் முறையை அவர் நூலாக எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது. முசோலினியின் ஆட்சியில் இத்தாலியில் அவரது பள்ளிகள் மூடப்பட்டன. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். மறுவருடம் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும், பிரித்தானியர் அவருடைய மகன் மரியோவைத் தடுத்துவைத்தனர். தாயின் எழுபதாவது பிறந்த நாளிலேயே மகன் விடுவிக்கப்பட்டார். 1944இல் நம் இலங்கையிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார். 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் காலமானார்.

சாதனங்களையும் பயிற்சியையும் அவர் தம் கட்டுப்பாட்டிலேயே வைத்திருந்தார் என்று குறை கூறுவோர் உண்டு. அது நியாயமான குறை என்றே நானும் நினைக்கிறேன். ஏழைப் பிள்ளைகளிடம் தொடங்கிய முறை, இன்று பல இடங்களில் விலையுயர்ந்த சாதனமாகவும் பெயர்ப்பலகையாகவும் மாறியிருக்கிறது. என் சாச்சாவின் நான்கு வயது மகனுக்கோ, முன்பள்ளியில் தினமும் இரண்டு பக்கம் எழுதிவரச் சொல்கிறார்கள். கொப்பியைக் கண்டாலே அழுவான். நானும் உம்மாவும் பழைய அட்டைப் பெட்டியை வெட்டி, பசை பூசி, மணல் தூவி எழுத்துகள் செய்து கொடுத்தோம். சில நாட்களில் முற்றத்து மண்ணில் அவனாகவே ‘அ’ கீறினான்.

பெற்றோரே, அட்டையும் மணலும் எல்லோர் வீட்டிலும் உண்டு. செய்முறையை அயல்வீட்டாருக்கும் சொல்லிக் கொடுங்கள். அறிவு பகிர்ந்தால் குறைவதில்லை. பிள்ளையின் கைக்குப் பொருளைக் கொடுத்துவிட்டு, சற்றுப் பொறுமையாகப் பார்த்திருங்கள். மரியா தம் வாழ்நாளெல்லாம் கேட்டது அந்தப் பொறுமையைத்தான்.