கடலாமைகளுக்குக் குடி வகுத்த தெரணியகல

கச்சான் காலத்துக் காலைப்பொழுது ஒன்றில், கல்முனைக் கடற்கரையில் உயிர் நீத்த ஆமையொன்று ஒதுங்கிக் கிடக்கக் கண்டேன். சற்றே அப்பால் கரைவலை இழுத்துக் களைத்து அமர்ந்திருந்த முதியவரை அணுகி, காக்கா, இது எந்த ஆமை என்று வினவினேன். ஆமையென்றால் ஆமைதான், அதில் என்ன வகை இருக்கிறது என்று அவர் சிரித்துவிட்டார். யான் குனிந்து அதன் ஓட்டை உற்று நோக்கினேன். முதுகின் நடுவரிசைக்கு இடப்புறம் ஆறு தகடுகள், வலப்புறம் ஏழு. பெருந்தலையாமையாயின் பக்கத்துக்கு ஐந்தே இருத்தல் வழக்கம். எனவே இஃது ஒலிவநிறச் சிற்றாமை எனத் துணிந்தேன். இவ்வாறு தகடுகளை எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு ஏற்பட்டமைக்குக் காரணர், யான் நேரிற் கண்டிராத ஒரு பெருமகனார். அவரே அறிஞர் பி. ஈ. பி. தெரணியகல. அன்னாரின் வாழ்க்கையையும், அன்னார் கைக்கொண்ட அளவைப் பணி இன்று எங்கு வந்து நிற்கின்றது என்பதையும் எடுத்துரைக்க விழைகின்றேன்.

போல் எட்வேட் பீரிஸ் தெரணியகல 1900ஆம் ஆண்டிலே பிறந்தார். தந்தையார் சேர் போல் ஈ. பீரிஸ், போர்த்துக்கேயர் காலத்து இலங்கை வரலாற்றை எழுதிப் புகழ் பெற்றவர். யாழ்ப்பாணத்துக் கந்தரோடையின் தொல்பொருள்களை ஆராய்ந்தவர் என்ற வகையில் தமிழ் மக்களுக்கும் அறிமுகமானவர். தம்பியார் ஜஸ்ரின் தெரணியகல, '43 குழு' என வழங்கும் ஓவியர் குழாத்தின் தூண்களுள் ஒருவர். வரலாறும் கலையும் குடிகொண்டிருந்த அவ்வில்லத்திலிருந்து நம் அறிஞர் உயிரினங்களின் வரலாற்றைத் தேடிப் புறப்பட்டார். கேம்பிறிட்ஜிலும் ஹாவார்டிலும் கற்றுத் தாயகம் மீண்டு, கடலுயிர் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1939 முதல் 1963 வரை கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக விளங்கினார். இரத்தினபுரி மணற்படைகளில் மறைந்துபோன யானைகளின் எச்சங்களைக் கண்டதும், பலாங்கொடை மனிதனை உலகறியச் செய்ததும் இவரே. இவர்தம் மைந்தர் சிரான் தெரணியகல (1942–2021) அவ்வழியே தொல்லியலிற் பெரும்பெயர் ஈட்டினார்.

எனினும் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது அன்னாரின் ஆமையாராய்ச்சியே. ஏழுவரியாமை கூடமைக்கும் முறையை நேரில் நோக்கி 1936இல் எழுதினார். 1939இல் வெளிவந்த அன்னாரின் நூல், இலங்கையின் ஆமைகளையும் முதலைகளையும் ஒருசேர ஆராய்ந்தது. 1952 முதல் 1955 வரை மீன்கள், ஊர்வன ஆகியவற்றின் வண்ணப் படத்தொகுதிகள் மூன்றை வெளியிட்டார். நன்னீர் மீன்களுக்கு அவர் இட்ட பெயர்களிலும் ஒரு பண்பு துலங்கும். சிங்களக் கிராமத்தவர் தித்தையா என அழைத்த செந்நிறச் சிறு மீனை 1929இல் விபரித்தபோது, அவ்வூர்ப் பெயரையே இனப்பெயராக்கினார். 1937இல் மற்றொரு மீனுக்கு மல்புளுத்தா என்னும் ஊர்ப் பெயரையே சாதிப்பெயராகச் சூட்டினார்.

இனி ஆமை வழக்குக்கு வருவோம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், சிற்றாமையும் பெருந்தலையாமையும் அறிஞர் நூல்களிலேயே ஒன்றோடொன்று மயங்கிக் கிடந்தன. தெரணியகல ஓட்டுத் தகடுகளை எண்ணினார், மண்டையோடுகளை அளந்தார், குஞ்சுகளையும் முதிர்ந்தனவற்றையும் ஒப்பு நோக்கினார். 1930களில் எழுதிய கட்டுரைகளில் இவையிரண்டும் வெவ்வேறு சாதி என்பதை நிலைநாட்டினார். அத்துடன், 1880இல் கெம்ப் என்பவரின் பெயரால் அழைக்கப்பெற்ற மெக்சிக்கோ வளைகுடா ஆமை, பெருந்தலையாமைக்கன்றி நமது சிற்றாமைக்கே உறவு என்றும் கண்டார். கொழும்பிலிருந்த ஒருவர் மெக்சிக்கோக் கரையின் ஆமைக்கு உறவுமுறை வகுத்துக் கொடுத்தமை வியக்கற்பாலதன்றோ?

ஆயினும் அன்னாரின் முடிபுகள் யாவும் நிலைத்தன எனல் பொருந்தாது. உடலிற் சிறு வேற்றுமை கண்டவிடத்தும் துணையினம் என்று பெயரிடும் போக்கு அவரிடம் இருந்தது. 1933இல் அவர் தனியினமாக விபரித்த பெருந்தலையாமையை இன்று எவரும் வேறாகக் கொள்வதில்லை. கெம்ப் ஆமையையோ, ஒலிவநிறச் சிற்றாமையின் துணையினம் என்ற அளவிலேயே நிறுத்தினார். இஃது அவர்தம் குறையன்று, அளவுகோலின் குறை. முட்டை பொரிந்த மணலின் வெப்பமும் ஈரமுங்கூடத் தகடுகளின் எண்ணிக்கையை மாற்றவல்லன. ஆகவே உடலிற் காணும் வேற்றுமைகளுள் பிறப்பால் வந்தது எது, சூழலால் வந்தது எது என்று பிரித்தறிதல் கடினம். அதற்கு உடலின் உள்ளே எழுதப்பட்டிருக்கும் ஏட்டைப் படித்தல் வேண்டும். அவ்வேடே பரம்பரைப் பதார்த்தமாகிய டீ.என்.ஏ.

இதனை எம் பகுதி வாசகர்க்கு விளக்குதல் எளிது. கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள எமது ஊர்களில் முஸ்லிம்களிடையே குடி என்பது தாய்வழியாக வருவது. வாப்பாவின் குடி எதுவாயினும் பிள்ளை உம்மாவின் குடியையே சாரும். கலத்தினுள் இழைமணி என்னும் நுண்ணுறுப்பு உண்டு. அதன் டீ.என்.ஏ.யும் அவ்வாறே தாயிடமிருந்து மாத்திரம் பிள்ளைக்கு வருகின்றது. ஆமையின் தோலிற் கடுகளவு எடுத்து அவ்வெழுத்துவரிசையைப் படித்தால், அதன் தாய்வழிக் குடி எது என்பது தெரிந்துவிடும். பள்ளிவாசலிற் கூடியிருக்கும் மக்களுள் சீட்டுக் குலுக்கி இருவரைத் தெரிந்தால், அவர்கள் வெவ்வேறு குடியினராயிருக்கும் வாய்ப்பு எவ்வளவு? எல்லோரும் ஒரே குடியாயின் விடை 0; குடிகள் பெருகப் பெருக விடை 1ஐ நெருங்கும். தாய்வழிப் பரம்பரைப் பல்வகைமையை அறிஞர் அளப்பதும் இவ்வாறே. தந்தைவழியையும் அறியவேண்டின் கருவிலுள்ள டீ.என்.ஏ.யைப் படிப்பர்.

தலையெண்ணிக்கை போதாதோ, இவ்வளவை எதற்கு என்று மாணவர் வினவக்கூடும். ஆயிரம் ஆமைகள் இருப்பினும் அவை ஒரே குடியாயின், ஒருவனுக்கு வந்த நோய் அனைவர்க்கும் வருதல் போல, ஒரு கேடு எல்லாவற்றையும் வீழ்த்தக்கூடும். கடலாமைக் குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் மணலின் வெப்பத்தைப் பொறுத்தது. வெப்பம் மிகின் பெண்ணே மிகும். உலகம் வெம்மையுறும் இக்காலத்தில், மாறும் சூழலுக்கு ஈடுகொடுக்கும் திறன் எக்குடியிடம் உண்டென்பதை நாம் அறியோம். பல்வகைமை என்பது பத்தாயத்திற் பேணிவைத்த விதைநெல் ஆகும்.

பெயரும் அளவும் உயிர்காத்தலிற் பங்குகொள்வதைக் கெம்ப் ஆமையின் வரலாறு காட்டுகின்றது. 1947இல் மெக்சிக்கோவின் றாஞ்சோ நுவேவோக் கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 40,000 பெண்ணாமைகள் முட்டையிட ஏறியதாகத் திரைப்படச் சுருள் ஒன்றிலிருந்து கணித்தனர். 1985இலோ ஆண்டு முழுவதற்கும் 702 கூடுகளே எஞ்சின. அஃது ஒலிவநிறச் சிற்றாமையின் வட்டார வடிவமே எனின், அதற்காக இத்துணை முயற்சி எதற்கு என்ற வினா எழுந்திருக்கும். 1991இல் போவன், மெய்லன், ஏவிஸ் ஆகிய மூவரும் இழைமணி டீ.என்.ஏ.யைப் படித்து, கெம்ப் ஆமை தனியினமே என நிறுவினர். பெருந்தலையாமையினின்று சிற்றாமையைப் பிரித்த தெரணியகலவின் தீர்ப்பு நிலைத்தது. கெம்ப் ஆமையைத் துணையினமாக்கிய தீர்ப்பு திருத்தம் பெற்றது.

நம் கடலைப் பற்றிய செய்தி 2004இல் வந்தது. டேராடூன், ஐதராபாத் நிலையங்களின் ஆய்வாளருடன் கார்த்திக் சங்கர் இந்தியக் கிழக்குக் கரைச் சிற்றாமைகளை ஆராய்ந்தார். ஒடிசாக் கரையில் மட்டும் பத்தாண்டுகளில் 1,00,000க்கு மேற்பட்ட சிற்றாமைகள் இறந்தொதுங்கியதாக எண்ணப்பட்டிருந்த காலம் அது. அக்கரை ஆமைகளுள் ஏறத்தாழ 96 வீதமானவை பழமை வாய்ந்த ஒரு கிளையைச் சார்ந்தவை எனவும், அத்திலாந்திக், பசிபிக் கடல்களில் இன்றுள்ள ஒலிவநிறச் சிற்றாமைகளுக்கு இந்து சமுத்திரமே மூலவூர் எனவும் அவ்வாய்வு கருதியது. அதைவிட என்னைச் சிந்திக்கவைத்த முடிபு மற்றொன்று. இந்தியக் கிழக்குக் கரையின் ஆமைக்குலம் இலங்கைக் குலத்தினின்றும் வேறுபட்டது என்பதே அது. ஒடிசாவில் அடையாளத் தகடு பொருத்தி விடப்பட்ட ஆமைகள் நம் கடல்வரை வருவதுண்டு; ஆனால் வந்துபோதல் வேறு, குடியேறல் வேறு. ஒரு கரையின் குலம் அழிந்தால், மறு கரையின் பெருந்திரள் அவ்விடத்தை எளிதில் நிரப்பும் என நம்பியிருத்தல் தகாது.

இலங்கைக் கரையில் ஐவகைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. 1972 முதல் அவை சட்டத்தின் காவலில் உள்ளன. தோல் துணுக்கொன்றை ஆய்வுக்கு எடுப்பதற்கும் அரசின் அனுமதி வேண்டும். ஆயினும், எண்ணுதற்கும் குறித்துவைப்பதற்கும் எவர் அனுமதியும் வேண்டா. மருதமுனையிலிருந்து பொத்துவில்வரை நீளும் இக்கரையில், ஒதுங்கிய ஆமையின் நாள், இடம், நீளம், தகடுகளின் தொகை ஆகியவற்றை ஒரு பள்ளி மாணவன் குறித்து வருவானாயின், நாளைய ஆய்வாளன் எங்கு தேடவேண்டும் என்பதை அக்குறிப்பேடு சொல்லும். தெரணியகல மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகின்றது. பல்லியினம் ஒன்றும் பாம்பினம் ஒன்றும் அன்னார் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஆயினும், பொறுமையோடு எண்ணும் கண்ணே அன்னார் நமக்கு விட்டுச்சென்ற முதுசொம் என்பேன்.

அன்று காலை அம்முதியவரை அழைத்து, இருபுறத் தகடுகளையும் தொட்டு எண்ணிக் காட்டினேன். அவர் மறுமுறை தாமே எண்ணினார். இடப்புறம் ஆறு, வலப்புறம் ஏழு. சில கிழமைகள் கழித்துச் சந்தைத் தெருவில் என்னைக் கண்டபோது, சலாம் கூறிய கையோடு, வலையில் அகப்பட்டு உயிரோடு கடலில் விட்ட ஆமையொன்றுக்குப் பக்கத்துக்கு ஐந்து தகடுகளே இருந்தன என்றார். அஃது எந்தக் குடி என்றும் வினவினார்.