கயிலைக்குப் போனவர் ஐயாற்றில் எழுந்தார்!

கேதார்நாத், பத்ரிநாத், முக்திநாத், கயிலாயம்... இந்த வருடமாவது குடும்பத்தோடு மலைக்கோயில் யாத்திரை போய்விட வேண்டும் என்று பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறீர்களா? கணவருக்கு லீவு, பிள்ளைகளின் பரீட்சை, வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று ஒவ்வொன்றாக யோசித்து முடித்ததும், கடைசியில் ஒரு கேள்வி நிற்கும். மூட்டுவலிக்காரரான மாமியாரை என்ன செய்வது? அழைத்துப் போகவும் பயம். விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை.

இந்தக் கேள்விக்கு நம் தஞ்சைச் சீமையிலேயே ஒரு பதில் இருக்கிறது. அதைத் தன் உடம்பாலேயே எழுதி வைத்தவர், 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர். நாம் அன்போடு அப்பர் என்று அழைக்கும் அந்தப் பெருமான்தான்!

தம்பிக்காக வாழ்ந்த அக்கா

பண்ருட்டிக்கு அருகே உள்ள திருவாமூரில் புகழனார், மாதினியார் தம்பதிக்குப் பிறந்தவர் மருள்நீக்கியார். மூத்தவர், அக்கா திலகவதியார். பெற்றோர் மறைந்தார்கள். அக்காவுக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையாரும் போரில் உயிர்நீத்தார். தானும் உயிரை விடத் துணிந்த திலகவதியார், தம்பி அழுது தடுத்ததால், அவனுக்காகவே உயிர் தாங்கி வாழ்ந்தார்.

அந்தத் தம்பி சமணம் சார்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு பெரும் புகழ் பெற்றார். பிறகு தாங்க முடியாத சூலை நோய் வந்தது. எந்த வைத்தியமும் பலிக்காமல் அக்காவைத் தேடி வந்தார். திருவதிகையில் கோயிலை மெழுகிக் கோலமிட்டுக்கொண்டிருந்த அந்த அம்மையார் திருநீறு தந்து, இறைவன் சந்நிதிக்கு அழைத்துப் போனார். தம்பி பதிகம் பாட, நோய் தீர்ந்தது. நாவுக்கரசர் என்ற பெயரும் கிடைத்தது. இவ்வளவு பெரிய அடியாரை நமக்குத் தந்தது ஓர் அக்காவின் பொறுமை அல்லவா!

அன்று முதல் கையில் உழவாரப்படையோடு ஊர் ஊராக நடந்தார். கோயில் பிராகாரங்களில் புல் செதுக்கினார், பதிகம் பாடினார். வயதில் மிக இளைய ஞானசம்பந்தர் அவரை அப்பரே என்று அழைத்ததால் அதுவே பெயராக நிலைத்தது.

வடகயிலை ஆசை

வயது முதிர்ந்த காலத்தில் திருக்காளத்தி மலையைத் தரிசித்தார் அப்பர். தென்கயிலை எனப்படும் அம்மலையைக் கண்டதும், வடகயிலையையும் காண வேண்டும் என்ற வேட்கை எழுந்தது. அதன்பின் நடந்ததைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் படிப்படியாகச் சொல்கிறார்.

ஸ்ரீசைலம், தெலுங்கு நாடு, கன்னட நாடு, மாளவம் என்று நடந்து காசியை அடைந்தார். உடன் வந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு, காயும் கிழங்கும்கூட உண்ணாமல் இரவு பகலாகத் தனியே போனார். பாதம் தேய்ந்தது, கைகளால் தாவினார். கைகளும் தேய்ந்தன, மார்பால் ஊர்ந்தார். மார்பும் நொந்தபின் உருண்டார். கடைசியில் அசையவும் முடியாமல் கிடந்தார்.

அப்போது முனிவர் வடிவில் வந்த இறைவன், மானிடர் போகக்கூடிய இடமல்ல, திரும்பிவிடும் என்றார். காணாமல் திரும்பேன் என்றார் அப்பர். முனிவர் மறைந்தார். வானில் எழுந்த குரல், அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து காட்சி காணும்படி பணித்தது. தேய்ந்த உடம்பும் பழையபடி ஆனது. அப்பர் இன்னும் பல காலம் தமிழ் பாட வேண்டும் என்பதே ஈசனின் திருவுள்ளம் என்கிறார் சேக்கிழார்.

மூழ்கியது இமயத்தில், எழுந்தது காவிரிக் கரையில்!

என்ன கண்டார்?

கரையேறிய அப்பரின் கண்ணில் முதலில் பட்டவை யானையும் பிடியும், சேவலும் பெடையும், குயில், மயில், கிளி, நாரை, மான், பசு... எல்லாம் ஜோடி ஜோடியாக! ஒவ்வொரு ஜோடியும் அவருக்குச் சிவமும் சக்தியுமாகவே தெரிந்தது. ஐயாறப்பர் கோயிலே கயிலையானது. அம்மையப்பனைக் கண்ணாரக் கண்டு பதிகம் பாடினார்.

கவனித்தீர்களா? குடும்பம் என்று ஒன்று அமையாத துறவிக்கு, ஆணும் பெண்ணும் இணைந்து வாழும் சாதாரண வாழ்க்கையில்தான் கயிலை தெரிந்தது. நம் வாசல் மரத்துக் கிளியில்கூட அவன் இருக்கிறான் என்றால், அடுப்படியில் இருக்க மாட்டானா?

பின்னரும் பல தலங்களைப் பாடிய அப்பர், 81-ஆம் வயதில் திருப்புகலூரில் ஒரு சித்திரைச் சதயத்தன்று இறைவனடி சேர்ந்ததாகச் சொல்வர்.

நீங்கள் திட்டமிடும்போது...

கயிலை, மானசரோவர் யாத்திரை சில ஆண்டுகள் நின்றிருந்து, 2025-ல் மீண்டும் தொடங்கியது. அரசு நடத்தும் அந்த யாத்திரைக்கு அந்த ஆண்டில் வயது வரம்பு 18 முதல் 70 வரை. மருத்துவப் பரிசோதனையும் கட்டாயம். மலையைச் சுற்றும் வழியில் 18,000 அடிக்கு மேல் ஏற வேண்டும். கேதார்நாத்தும் 11,700 அடிக்கு மேல்தான். எனவே சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் எதையும் மறைக்க வேண்டாம். டாக்டர் வேண்டாம் என்றால், அதைப் பாவம் என்றோ, கொடுத்துவைக்கவில்லை என்றோ பெரியவர்கள் வருந்த விடாதீர்கள். திரும்பச் சொன்னதும் அவன் அருள்தான் என்பதற்கு அப்பரே சாட்சி!

அவர்களை ஆடி அமாவாசையன்று திருவையாற்றுக்கு அழைத்துச் செல்லுங்கள். தஞ்சாவூரிலிருந்து சுமார் 13 கி.மீ. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளையும் பாலத்திலேயே கடந்துவிடலாம். ஐயாறப்பரையும் அறம்வளர்த்த நாயகியையும் வணங்குங்கள். அன்று காவிரியில் தீர்த்தவாரியும், பிறகு ஓதுவார்கள் தேவாரம் பாட, அப்பருக்குக் கயிலைக் காட்சி தரும் விழாவும் நடக்கும்.

வீட்டின் இளையவர்கள் இமயம் போய் வரட்டும். பெரியவர்களுக்கு ஐயாறே கயிலை!